கைப்பிடி விதையும் மூட்டைக் கணக்கும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டாரங்களில் மானாவாரி நிலங்களின் முதன்மைப் பயிர் கேழ்வரகு. கேழ்வரகின் நடுவே சால் விட்டு அவரை, துவரை, ஆமணக்கு, கடுகு ஆகியவற்றை விதைப்பது வழிவழியாக வரும் பழக்கம். எல்லைக்கு அப்பால் கன்னட உழவர்கள் இதனையே 'அக்கடி சாலு' என்பர். கேழ்வரகு ஒருவேளை ஏமாற்றினாலும் அவரை கைகொடுக்கும். பச்சைக் காய்க்குப் பெங்களூர்ச் சந்தை அருகிலேயே இருப்பதால் அவரையின் மதிப்பும் குறைவதில்லை.

இந்த அவரை விதை எங்கிருந்து வருகிறது? சிலர் வீட்டுக் குதிரிலிருந்து எடுக்கிறார்கள். சிலர் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்குகிறார்கள். பலர் வாரச் சந்தையிலோ, எல்லைக்கு அப்பால் ஆனேக்கல், அத்திப்பள்ளிக் கடைகளிலோ வாங்கி வருகிறார்கள். சான்று அட்டை இல்லாத விதையை வாங்கும்போது உழவர் செய்யும் சோதனை பெரும்பாலும் ஒன்றே: மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று முடிவு செய்வது.

மானாவாரியில் விதைப்பு மழை நமக்காகக் காத்திருப்பதில்லை. விதை முளைக்கவில்லை என்று தெரிய வரும்போது ஈரம் போய்விடும், மறு விதைப்புக்கு விதையும் கூலியும் மீண்டும் வேண்டும், பருவமும் தள்ளிப்போகும். ஆகவே அந்த ஒரு பிடி விதையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வீண் கேள்வியன்று. இதற்கு விடை சொல்லும் கணக்கு நிகழ்தகவு என்பதாகும். பள்ளிப் பாடநூலில் 'ஒரு பையில் சிவப்புப் பந்துகளும் நீலப் பந்துகளும் உள்ளன' என்று தொடங்கும் கணக்கை உங்கள் பிள்ளைகள் போட்டிருப்பார்கள். அதே கணக்கை இங்குப் பந்துக்குப் பதிலாக அவரை விதையைக் கொண்டு பார்ப்போம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஒரு பானைச் சோறும் ஒரு மூட்டை விதையும்

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் முன்னோர் சொல். சோற்றுக்கு இது சரியே. பானையில் உள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரம் வேகிறது. கொதிநீர் ஓயாமல் கிளறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஒரு பருக்கை வெந்திருந்தால் மற்றவையும் வெந்திருக்கும்.

விதை மூட்டை அப்படியல்ல. அதில் பல வயல்களின் விதை சேர்ந்திருக்கலாம். சென்ற ஆண்டு விதையும் அதற்கு முந்தைய ஆண்டு விதையும் கலந்திருக்கலாம். ஒரு விதை வண்டு துளைத்தது. அதை ஒட்டியுள்ள விதை பழுதற்றது. ஒன்றின் நிலையைக் கொண்டு மற்றொன்றின் நிலையைச் சொல்ல முடியாது. எனவே விதைக்கு ஒரு பருக்கைப் பதம் போதாது. எத்தனை பருக்கை வேண்டும் என்பதே நாம் காண வேண்டியது.

முதல் பாடம்: ஒரு விதையை எடுத்தல்

ஒரு சிறு பானையில் 10 அவரை விதைகளைப் போடுங்கள். 6 விதைகள் வெள்ளை, 3 பழுப்பு, 1 கறுப்பு. எல்லாம் ஒரே பருமனாக இருக்கட்டும். நன்றாகக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு விதையை எடுக்க வேண்டும். பத்தில் எந்த விதையும் கையில் அகப்படலாம். எல்லாவற்றுக்கும் வாய்ப்பு சமம். இவ்வாறு எடுப்பதைச் சமவாய்ப்பு முறை என்பர்.

நிகழ்தகவு = நாம் கருதும் வகை விதைகளின் எண்ணிக்கை ÷ மொத்த விதைகளின் எண்ணிக்கை

வெள்ளை வருவதற்கான நிகழ்தகவு 6/10.
பழுப்பு வருவதற்கு 3/10.
கறுப்பு வருவதற்கு 1/10.

மூன்றையும் கூட்டினால் 10/10, அதாவது 1. பானையில் இல்லாத சிவப்பு வருவதற்கான நிகழ்தகவு 0. நிகழ்தகவு எப்போதும் 0 முதல் 1 வரையிலேயே இருக்கும். அதற்கு மேலோ கீழோ விடை வந்தால் கணக்கில் பிழை என்று கொள்க.

வெள்ளை அல்லது கறுப்பு வருவதற்கு 6/10 + 1/10 = 7/10. வெள்ளை வராமல் போவதற்கு 1 இலிருந்து 6/10 ஐக் கழிக்க வேண்டும், விடை 4/10. இந்தக் கழித்தல் முறையை நினைவில் வையுங்கள். பின்னால் இதுவே பெரிதும் பயன்படும்.

6/10 என்றால் பத்து முறை எடுத்தால் சரியாக ஆறு முறை வெள்ளை வரும் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறையும் எடுத்த விதையைத் திரும்பப் போட்டு, குலுக்கி, மீண்டும் எடுத்துப் பாருங்கள். பத்து முறையில் நான்கு வெள்ளையும் வரலாம், எட்டும் வரலாம். நூறு முறை, ஐந்நூறு முறை என்று கூடக் கூட வெள்ளையின் பங்கு 6/10 ஐ நெருங்கி வரும். மழை நாளில் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம்.

ஸ்விட்சர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் ஜேக்கப் பெர்னூலி இதனை முதலில் கணக்கிட்டுக் காட்டினார். அவர் மறைந்த பின் 1713 இல் வெளிவந்த அவருடைய நூலில், 3,000 வெள்ளைக் கற்களும் 2,000 கறுப்புக் கற்களும் உள்ள ஒரு குடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டார். நம் பானையில் வெள்ளைக்கும் மற்றவைக்கும் உள்ள அதே 3க்கு 2 என்ற விகிதம்தான். குடத்தின் உள்ளே இருப்பதை அறியாத ஒருவர், ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டு அந்த விகிதத்தைக் கண்டுகொள்ள முடியும் என்று அவர் காட்டினார். உழவரும் அந்த நிலையிலேயே இருக்கிறார். மூட்டையின் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. கையில் வந்ததைக் கொண்டே உள்ளே இருப்பதை அறிய வேண்டும்.

இரண்டாம் பாடம்: அடுத்தடுத்து இரு விதைகள்

அதே பானையிலிருந்து இரண்டு விதைகளை எடுக்கிறோம். இரண்டும் வெள்ளையாக வருவதற்கான நிகழ்தகவு என்ன?

முதல் விதையைத் திரும்பப் போட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தால் பானை பழைய நிலையிலேயே இருக்கும். எனவே 6/10 × 6/10 = 36/100.

திரும்பப் போடாமல் எடுத்தால், முதலில் வெள்ளை வந்த பின் பானையில் 9 விதைகளே இருக்கும். அவற்றில் 5 வெள்ளை. எனவே 6/10 × 5/9 = 30/90, அதாவது மூன்றில் ஒரு பங்கு.

திரும்பப் போடாமல் எடுக்கும்போது இரண்டும் வெள்ளை அல்லாதவையாக வர 4/10 × 3/9 = 12/90. ஒன்று வெள்ளை, மற்றொன்று வேறு நிறம் என்பது இரு வழிகளில் நிகழலாம். முதலில் வெள்ளை, பிறகு வேறு நிறம்: 24/90. முதலில் வேறு நிறம், பிறகு வெள்ளை: 24/90. இரண்டும் சேர்ந்து 48/90. மூன்று விடைகளையும் கூட்டினால் 30 + 48 + 12 = 90; அதாவது 90/90. கணக்கு சரி.

பத்து விதை உள்ள பானையில் திரும்பப் போடுவதும் போடாததும் வேறுபாட்டைத் தருகின்றன. மூட்டையிலோ இலட்சக்கணக்கான விதைகள். அதிலிருந்து நூறு விதையை எடுத்துவிட்டாலும் மீதியின் விகிதம் மாறுவதில்லை. ஆகவே மூட்டைக் கணக்கில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் போதும்.

மூன்றாம் பாடம்: 'ஒன்றுகூட இல்லை' என்பதன் பொருள்

இப்போது சந்தைக்கு வருவோம். வெள்ளை அவரை என்று சொல்லி விற்கும் மூட்டையில் 100க்கு 10 கறுப்பு விதை கலந்திருப்பதாகக் கொள்வோம். நீங்கள் 10 விதை எடுத்துப் பார்க்கிறீர்கள். 'பத்தில் ஒன்று கலப்பு. பத்து விதை எடுத்தால் ஒன்றாவது கண்ணில் படுமே' என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

ஒரு விதை கறுப்பாக இல்லாதிருக்க நிகழ்தகவு 9/10, அதாவது 0.9. பத்து விதையும் கறுப்பாக இல்லாதிருக்க 0.9 ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை 0.35. நூறு பேர் இந்த மூட்டையில் பத்துப் பத்து விதை எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ 35 பேர் 'கலப்பே இல்லை' என்று நம்பி வாங்கிச் செல்வார்கள். ஒன்றாவது அகப்படுவதற்கான நிகழ்தகவு 1 - 0.35 = 0.65.

பல்வேறு கலப்பு அளவுகளில், கலப்பு கண்ணில் படாமல் தப்பும் வாய்ப்பைக் கீழே காணலாம்.

100க்கு 10 கலப்பு உள்ள மூட்டை: 10 விதை பார்த்தால் 100க்கு 35 முறை தப்பும், 20 விதை பார்த்தால் 12 முறை, 30 விதை பார்த்தால் 4 முறை.

100க்கு 5 கலப்பு உள்ள மூட்டை: 10 விதைக்கு 60 முறை, 30 விதைக்கு 21 முறை, 60 விதைக்கு 5 முறை.

100க்கு 2 கலப்பு உள்ள மூட்டை: 10 விதைக்கு 82 முறை, 50 விதைக்கு 36 முறை, 100 விதைக்கு 13 முறை, 150 விதைக்கு 5 முறை.

இதிலிருந்து மனத்தில் வைக்கத்தக்க ஓர் எளிய விதி கிடைக்கிறது. நீங்கள் பார்த்த விதைகளில் கலப்பு ஒன்றுகூட இல்லையெனில், 300 ஐப் பார்த்த விதைகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். வரும் விடையே மூட்டையில் இன்னும் இருக்கக்கூடிய கலப்பின் மேல் எல்லைச் சதவீதம். 30 விதை பார்த்தால் 10 சதவீதம். 60 பார்த்தால் 5 சதவீதம். 150 பார்த்தால் 2 சதவீதம். கலப்பு இந்த எல்லைக்கு மேல் இருந்தும் ஒன்றுகூட அகப்படாமல் போவது 20இல் ஒரு முறைக்கும் குறைவு.

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பெட்டி பெட்டியாக வரும் உதிரிப்பாகங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையை எடுத்துச் சோதித்து, இத்தனைக்கு மேல் பழுது இருந்தால் முழு லாட்டையும் திருப்பி அனுப்பும் முறை ஆலைகளில் உண்டு. எத்தனை எடுக்க வேண்டும் என்பதை அங்கு மனம் போனபடி முடிவு செய்வதில்லை. இந்தக் கணக்கின்படி போட்ட அட்டவணை உண்டு. ஆலைக்கு வரும் திருகாணிக்கு உள்ள இந்தச் சோதனை, நிலத்துக்குள் போகும் விதைக்கும் இருக்க வேண்டாமா?

ஓர் எச்சரிக்கை: நிறத்தால் தெரியும் கலப்பை மட்டுமே இவ்வாறு காண முடியும். நிறம் ஒன்றாக இருந்தும் வகை வேறாக இருக்கலாம். நாட்டு அவரை வகைகள் பல, பகற்பொழுது குறையும் காலத்தில் மட்டுமே பூக்கும். பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஹெப்பாள் அவரை 3, 4 போன்றவை பருவம் பாராது பூக்கும். இவை கலந்துவிட்டால் ஒரு பகுதி காய்க்கும்போது மற்றொரு பகுதி கொடியோடியே நிற்கும். இத்தகைய கலப்பைக் கைப்பிடியில் காண இயலாது. சான்று விதையின் நீல நிற அட்டைக்கு மதிப்பு இதனாலேயே.

நான்காம் பாடம்: முளைப்புத் திறனும் ஒரு நிறமே

உயிருள்ள விதை வெள்ளை, உயிரற்ற விதை கறுப்பு என்று மனத்தில் நிறம் தீட்டிக்கொள்ளுங்கள். இந்த நிறம் கண்ணுக்குத் தெரியாது. ஈரத்தில் வைத்துச் சில நாள் ஆன பிறகே தெரியும். மற்றபடி கணக்கு ஒன்றே.

விதைச் சான்றளிப்புக்குக் குறைந்த அளவு முளைப்புத் திறன் வகுக்கப்பட்டுள்ளது. கேழ்வரகுக்கும் துவரைக்கும் 75 சதவீதம், நிலக்கடலைக்கு 70 சதவீதம். இதற்குக் குறைந்தால் சான்று கிடையாது.

'பத்து விதையை ஈரத் துணியில் முடிந்து வைத்தேன், எட்டு முளைத்தது. எண்பது சதவீதம் ஆகிவிட்டதே, போதாதா?' என்று உழவர்கள் கேட்பதுண்டு. 60 சதவீதமே முளைப்புள்ள ஒரு மட்டமான மூட்டையை எடுத்துக்கொண்டு இதற்கு விடை காண்போம்.

பத்தும் முளைக்க: 0.6 ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை 0.006.

ஒன்பது முளைத்து ஒன்று முளைக்காதிருக்க: 0.6 ஐ ஒன்பது முறை பெருக்கி, அதை 0.4 ஆல் பெருக்க வேண்டும். முளைக்காத அந்த ஒன்று பத்தில் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே மேலும் 10 ஆல் பெருக்க வேண்டும். விடை 0.040.

எட்டு முளைத்து இரண்டு முளைக்காதிருக்க: பத்து விதைகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 45 வழிகள் உண்டு. அதே முறையில் கணக்கிட்டால் விடை 0.121.

மூன்றையும் கூட்டினால் 0.167, அதாவது ஆறில் ஒரு முறை. விதைக்கவே தகாத மூட்டை, பத்து விதைச் சோதனையில் ஆறுக்கு ஒரு முறை '80 சதவீதம் அல்லது அதற்கு மேல்' என்று காட்டிவிடும். இதன் மறுபுறமும் உண்டு. உண்மையிலேயே 80 சதவீதம் முளைப்புள்ள நல்ல மூட்டை, பத்து விதைச் சோதனையில் எட்டுக்கு ஒரு முறை ஆறோ அதற்குக் குறைவாகவோ முளைத்துக் காட்டும். நல்ல விதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு விதை தேடி அலைய நேரிடும்.

பத்துக்குப் பதிலாக நூறு விதை வைத்தால், அந்த 60 சதவீத மூட்டை 80 என்று காட்டுவது பதினாயிரத்தில் ஒரு முறைகூட நிகழாது. உண்மையான முளைப்பு 75 ஆக உள்ள விதையில் நூறு வைத்தால், 20 சோதனையில் 19 சோதனை 66க்கும் 84க்கும் இடையில் விடை தரும். நானூறு வைத்தால் 71க்கும் 79க்கும் இடையில் தரும். விதை நான்கு மடங்கு ஆகும்போது பிழை பாதியாகக் குறைகிறது. விதைப் பரிசோதனை நிலையங்களில் நூறு நூறாக நான்கு தொகுதி, ஆக மொத்தம் 400 விதை வைத்துப் பார்ப்பதன் காரணம் இதுவே. வீட்டுச் சோதனைக்கு நூறு போதும், பத்து போதாது.

ஐந்தாம் பாடம்: குழிக்கு எத்தனை விதை?

குழிக்கு இரண்டு விதை ஊன்றும் பழக்கத்தின் பயனையும் இதே கணக்கால் அறியலாம். 80 சதவீதம் முளைப்புள்ள விதையில் ஒரு விதை முளைக்காதிருக்க நிகழ்தகவு 0.2. ஒரு விதை ஊன்றினால் 1,000 குழிகளில் 200 வெறுங்குழி. இரண்டு ஊன்றினால் 0.2 × 0.2 = 0.04, அதாவது 40 வெறுங்குழி. 640 குழிகளில் இரண்டும் முளைக்கும். அங்கு ஒன்றைக் களைந்துவிட வேண்டும். மீதி 320 குழிகளில் ஒன்று மட்டும் முளைக்கும்.

முளைப்பு 60 சதவீதம் என்றால் இரண்டு விதை ஊன்றியும் 160 குழி வெறுமையாகும். மூன்று ஊன்றினால் 64 ஆகக் குறையும். அதாவது மட்டமான விதையை மூன்று ஊன்றியும், நல்ல விதையை இரண்டு ஊன்றியதற்கு ஈடாகவில்லை. மலிவு விலை விதையின் உண்மை விலை இங்கேதான் தெரிகிறது.

இந்தப் பெருக்கல் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. ஒரு விதையின் கதி மற்றதன் கதியைச் சாராமல் தனித்து இருக்க வேண்டும். விதையின் உயிர்த்திறன் அவ்வாறு தனித்தனியானது. ஈரம் இல்லாமை அப்படியன்று. மண் காய்ந்திருந்தால் ஒரே குழியில் உள்ள இரண்டும் சேர்ந்தே கெடும். எறும்பு வந்தால் இரண்டையுமே எடுத்துச் செல்லும். அங்கு 0.2 × 0.2 என்று பெருக்குவது தவறு. எனவே விதையைக் கூட்டிப் போடுவது விதையின் குறைக்கு மட்டுமே ஓரளவு ஈடு. மழையின் குறைக்கு ஈடாகாது. போதிய ஈரம் இல்லாத மண்ணில் 'எதற்கும் நான்கு விதையாகப் போடுவோம்' என்பது விதைச் செலவையே கூட்டும்.

மாதிரி எடுக்கும் முறை

மேலே சொன்ன கணக்கு எல்லாம் ஒரே அடித்தளத்தின் மேல் நிற்கிறது: மூட்டையில் உள்ள ஒவ்வொரு விதைக்கும் கையில் அகப்படச் சம வாய்ப்பு இருக்க வேண்டும். மேலாக ஒரு பிடி அள்ளினால் அந்த வாய்ப்பு கிடைக்காது. மூட்டையை ஆட்டி அசைத்து ஏற்றி இறக்கும்போது பொடியும் உடைசலும் கீழே இறங்கும். விற்பவர் நல்ல விதையை மேலே பரப்பியிருக்கவும் கூடும். ஆகவே கீழ்க்காணும் முறையைக் கைக்கொள்ள வேண்டும்.

1. மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுக்கவும். பல மூட்டைகள் வாங்கினால் இயன்றவரை ஒவ்வொன்றிலிருந்தும் எடுக்கவும்.

2. எல்லாவற்றையும் ஒரு சாக்கின் மேல் கொட்டி நன்றாகக் கலக்கவும்.

3. வட்டமாகப் பரப்பி, குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு நான்கு பங்காக்கவும். எதிரெதிரே உள்ள இரு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை ஒதுக்கவும். ஏறத்தாழ 150 விதை மிஞ்சும் வரை இதனைத் திரும்பச் செய்யவும்.

4. மிஞ்சிய விதைகளை ஒன்று விடாமல் எண்ணி, வேறு நிறம், உடைசல், வண்டு துளைத்தது ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ளவும். பிறகு அனைத்தையும் மீண்டும் ஒன்றாகக் கலக்கவும்.

5. அதிலிருந்து பார்க்காமல் 100 விதையை எண்ணி, நனைத்துப் பிழிந்த சாக்கின் மேல் பத்து வரிசையாக அடுக்கவும். சாக்கைச் சுருட்டி நிழலில் வைத்து, காயாமல் நீர் தெளித்து வரவும். கேழ்வரகுக்கு 8 நாளும் அவரைக்கு 10 நாளும் கழித்து, வேரும் குருத்தும் செம்மையாக உள்ள நாற்றுகளை மட்டும் எண்ணவும். அந்த எண்ணே முளைப்புச் சதவீதம்.

நூறு விதை எண்ணும்போது பழுதான விதையைத் தள்ளிவிட்டு நல்லதாகப் பொறுக்கி வைக்கும் ஆசை எவருக்கும் எழும். அவ்வாறு செய்தால் அது பொறுக்கிய விதையின் சோதனை. மூட்டையின் சோதனை அன்று. விதைக்கும் முன் மூட்டை முழுவதையும் பொறுக்கிச் சுத்தம் செய்வதாக இருந்தால், சுத்தம் செய்த பிறகு மாதிரி எடுக்கவும்.

பொறுக்காமல் எடுக்க வேண்டும் என்னும் இந்த விதி விதைக்கு மட்டும் உரியதன்று. 1931 இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பேராசிரியர் மகலனோபிஸ், வங்காளத்தில் சணல் பயிரின் பரப்பை மாதிரி முறையில் மதிப்பிட்டுக் காட்டினார். 2016 இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும், பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு உரிய வயல்களைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. விளைந்த வயலை மட்டும் பொறுக்கினால் உழவருக்கு நட்டம். காய்ந்த வயலை மட்டும் பொறுக்கினால் கணக்கு பொய்யாகும். எந்த வயல் என்பதை ஆள் முடிவு செய்யாமல் எண் முடிவு செய்வது இருவருக்கும் பொது.

முடிவைக் கொண்டு என்ன செய்வது?

முளைப்பு 75க்கு மேல் இருந்தால் பரிந்துரைத்த அளவிலேயே விதைக்கலாம். 60 முதல் 75 வரை என்றால் விதையளவைக் கூட்ட வேண்டும். 80 சதவீத முளைப்புக்கு 10 கிலோ வேண்டும் எனில், 64 சதவீத விதைக்கு 10 × 80 ÷ 64 = 12.5 கிலோ தேவை. 60க்குக் கீழ் என்றால் அந்த விதையை உணவுக்கோ தீவனத்துக்கோ ஒதுக்கிவிட்டு வேறு விதை தேடுவது நலம். நஞ்சு கலந்து நேர்த்தி செய்த விதையை மட்டும் உணவுக்கோ தீவனத்துக்கோ எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. ஐயம் இருந்தால் விதைப் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பி அறியலாம்.

அவரைக்குப் பத்து நாள் தேவைப்படுவதால், இச்சோதனையை விதைப்புக்கு மூன்று வாரம் முன்னதாகவே செய்ய வேண்டும். மழை பெய்த பிறகு செய்யும் சோதனையால் பயனில்லை.

பயிற்சி

1. ஒரு பானையில் 5 வெள்ளை, 4 பழுப்பு, 1 கறுப்பு அவரை உள்ளன. ஒரு விதை எடுத்தால் பழுப்பு வருவதற்கான நிகழ்தகவு என்ன? திரும்பப் போடாமல் இரண்டு எடுத்தால் இரண்டும் வெள்ளையாக வருவதற்கு?

2. 75 விதை பார்த்தீர்கள். கலப்பு ஒன்றுகூட இல்லை. மூட்டையில் எத்தனை சதவீதம் வரை கலப்பு இருக்கக்கூடும்?

3. முளைப்பு 70 சதவீதம். குழிக்கு மூன்று விதை. 1,000 குழிகளில் எத்தனை வெறுமையாகும்?

விடைகள்: 1) 4/10; 5/10 × 4/9 = 20/90 = 2/9. 2) 300 ÷ 75 = 4 சதவீதம். 3) 0.3 × 0.3 × 0.3 = 0.027, எனவே 27 குழிகள்.

உழவர் பெருமக்கள் இதில் மூன்றை மட்டும் மறவாதிருந்தால் போதும். மூட்டையின் மூன்று மட்டத்திலிருந்தும் எடுங்கள். பொறுக்காமல் எண்ணுங்கள். பத்தோடு நிறுத்தாமல் நூறு விதை வையுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு பழைய சாக்கும், சிறிது நீரும், நூறு விதையுமே. அடுத்த விதைப்புக்கு விதை வாங்கியதும் இந்தச் சோதனையை முதல் வேலையாகச் செய்து, கிடைத்த எண்ணை மூட்டையின் மேலேயே எழுதி வையுங்கள்.